லுட்மிலா எடுக்க மறுத்த பெயர்

வெள்ளிக்கிழமை மத்தியானம் லுட்மிலாவின் மகள் தொலைபேசியில் அழைத்தாள். "அம்மா விடிய எங்களை விட்டுப் போயிட்டா" என்றாள். ஜெர்மனியின் வுப்பர்டால் நகர முதியோர் இல்லச் சமையலறையில் எங்களோடு வேலை செய்த எல்லோருக்கும் அவரைத் தெரியும். உக்ரேனின் ஒடேசாவில் பிறந்த யூதப் பெண்மணி. குரலும் பெரிது, கரண்டியும் பெரிது. நாங்கள் ஜெர்மனில் பேசிக்கொண்டதை இங்கே என் தமிழில் எழுதுகிறேன்.

எனக்கு இதய அறுவைச் சிகிச்சை என்றதும் அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "உன்ர அம்மாவின்ர பேர் என்ன?" சனிக்கிழமை வழிபாட்டில் நோயாளிக்காக வேண்டிக்கொள்ளும்போது யூதர்கள் தாயின் பெயரோடு சேர்த்துத்தான் சொல்வார்களாம். அப்படி நான் அங்கே "மகேஸ்வரியின் மகள் வசந்தி" ஆனேன். அந்த வேண்டுதலில் முதலில் கேட்பது ஆன்மாவுக்குச் சுகம். உடம்புக்கு அதன் பிறகுதான்.

டொக்டர் சுகம் என்று சொல்லி நான் வேலைக்குத் திரும்பிய பிறகும் லுட்மிலா என் பெயரை அந்த வேண்டுதல் பட்டியலிலிருந்து எடுக்கவில்லை. என் கணவர் பயந்துபோனார். "டொக்டரே வேலைக்குப் போகச் சொல்லிப்போட்டார். இவ ஏன் இன்னும் பேர் சொல்லுறா? எங்களுக்குத் தெரியாத ஏதும் இருக்கோ?" அந்தப் பயம் எனக்கும் தொற்றியது. லுட்மிலாவிடமே கேட்டேன்.

"கேட்டதில உடம்புப் பாதிதான் கிடைச்சிருக்கு. நீ இன்னும் ஒருத்தரோடயும் சண்டை பிடிக்கேல்லையே" என்றார்.

உண்மைதான். மாடிப்படிக்குப் பயம், நித்திரைக்குப் பயம். யார் என்ன சொன்னாலும் தலையாட்டிக்கொண்டிருந்தேன். வாய்க்காரி என்று பெயரெடுத்தவள் நான்!

ஒருநாள் என் பருப்புச் சூப்பில் என்னைக் கேளாமல் கிரீம் ஊற்றினார். எனக்கு வந்ததே கோபம். "ஆரைக் கேட்டு ஊத்தினனீங்கள்? உங்கட சட்டியைப் போய்ப் பாருங்கோ!" லுட்மிலா கரண்டியை வைத்துவிட்டு என்னைக் கட்டிப்பிடித்தார். "இந்தச் சனிக்கிழமை உன்ர பேரைப் பட்டியலில இருந்து எடுக்கிறன்!" எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

அவருக்குப் புற்றுநோய் வந்தபோது நான் அவருடைய தாயின் பெயரைக் கேட்டு வாங்கினேன். கோயிலில் அர்ச்சனைக்கு ஐயர் நட்சத்திரம் கேட்டார். "நட்சத்திரம் தெரியாது ஐயா, ரோசாவின்ர மகள் லுட்மிலா எண்டு சொல்லுங்கோ" என்றேன். அவரும் சொன்னார். இதைக் கேட்டு லுட்மிலா கட்டில் அதிரச் சிரித்தார். "உடம்பு இனிக் கேளாது. மற்றப் பாதி வந்திட்டுது, எனக்குப் பயமில்லை" என்றார். அந்தச் சிரிப்போடுதான் கடைசிவரை இருந்தார்.

அவரிடமிருந்து என்னிடம் தங்கியது, பாதியில் விடாத அந்தப் பழக்கம். ஆஸ்பத்திரியால் வந்தவர்களின் பெயர்களை எழுதிவைத்து, ரிப்போர்ட் நல்லது என்ற பிறகும் அழைத்து விசாரித்துக்கொண்டே இருக்கிறேன். போன கிழமை, பைபாஸ் செய்த அண்ணை ஒருவர், "தங்கச்சி, உமக்கு வேற வேலை இல்லையோ?" என்று சீறினார்.

லுட்மிலா, அந்த அண்ணையின் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டேன்.