மேஸ்திரியின் கட்டைவிரல்

கைரேகை மெஷின் எங்கள் பீங்கான் கம்பெனிக்கு ஒரு திங்கட்கிழமை வந்து சேர்ந்தது. ஆபீஸ் வாசலில், கடிகாரத்துக்குக் கீழே மாட்டினார்கள். கட்டைவிரலை வைத்தால் பச்சை விளக்கு எரியும், ஒரு பெண்குரல் ஆங்கிலத்தில் நன்றி சொல்லும். பொம்மைக்கு அச்சு வார்க்கும் பெண்கள் அந்தக் குரலைக் கேட்பதற்காகவே இரண்டாம் முறையும் விரலை வைத்துவிட்டுச் சிரித்தார்கள். வரிசையில் கடைசியாக நின்ற சூளை மேஸ்திரி மட்டும் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு மெஷினைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சூளைப் பக்கம் நடந்துவிட்டார்.

ஆபீஸ் பொறுப்பு அப்போது என்னிடம் இருந்தது. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும், அன்றும் வந்தது. பின்னாலேயே போய், "என்ன மேஸ்திரி, உங்களுக்கு மட்டும் வெத்தலபாக்கு வச்சு அழைக்கணுமா?" என்றேன்.

"நோட்டுல கையெழுத்து போடுறேங்க மேடம். விரல் வைக்க மாட்டேன்."

"ஏன், ரேஷன் கடையில வைக்கலையா?"

"அங்க வைக்கிறேங்க. அரிசி குடுக்குறாங்க, வாங்கிக்கிட்டு வூட்டுக்கு வரேன். இது நான் வந்தனா, இருக்குறனான்னு பாக்குறதுக்கு. அதுக்கு எங்க வூட்ல யாரும் விரல் வைக்கிறதில்லைங்க."

பிடிவாதம் என்று முடிவு கட்டிக்கொண்டு திரும்பினேன். ஆனால் அந்த மனிதரை வெறும் பிடிவாதக்காரர் என்று தள்ளிவிடவும் முடியவில்லை. எங்கள் சூளையின் வெப்பத்தைச் சொல்ல ஒரு மீட்டர் இருந்தது. அவர் சூளைச் சுவரில் இருக்கும் சிறு துவாரத்தில் கண்ணை வைத்து நெருப்பின் நிறத்தைப் பார்த்து ஒரு கணக்குச் சொல்வார், சற்று நேரத்தில் மீட்டரும் அதையே சொல்லும். மின்கம்பத்துப் பீங்கான் ஒரு சூளை முழுக்க விரிசல் விட்டபோது, தப்பு மண் கலந்தவர்களுடையது என்று தெரிந்தும், "நாந்தான் தீயை அவசரமா ஏத்திட்டேன்" என்று முதலாளி முன்னால் நின்றவர். அப்படிப்பட்டவர் ஒரு கட்டைவிரலுக்கு ஏன் இத்தனை பாடு படுத்துகிறார் என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

மறுநாள் டீ நேரத்தில் அவரே சொன்னார். வெள்ளைக்காரன் ஒரு சட்டம் போட்டிருந்தான். இன்ன சாதியில் பிறந்தவர்கள் எல்லாரும் பிறவித் திருடர்கள் என்று எழுதிவைத்த குற்றப் பரம்பரைச் சட்டம். அவர் தெருக் கிழவர்கள் அதை ரேகைச் சட்டம் என்பார்களாம். மேஸ்திரியின் தாத்தா எதையும் திருடியதில்லை. ஆனாலும் பொழுது சாய்ந்ததும் ஸ்டேஷனுக்குப் போய், நான் ஊரில்தான் இருக்கிறேன் என்று ரேகை வைத்துவிட்டு வரவேண்டும். பெண் எடுத்த ஊருக்குப் போவதற்கும் அங்கே அனுமதிச் சீட்டு வாங்கவேண்டும். மனைவிக்குப் பிரசவ வலி கண்ட அன்றும் அவர் ஸ்டேஷன் வாசலில்தான் நின்றிருந்தார். அன்று பிறந்த பிள்ளைதான் மேஸ்திரியின் அப்பா. சுதந்திரம் வந்து சட்டம் போனதும் தாத்தா தன் வீட்டுக்கு ஒரே ஒரு கட்டளை போட்டாராம்: நான் இங்கே இருக்கிறேன் என்று காட்டுவதற்கு இனி நம் வீட்டில் யாரும் விரல் வைக்கக்கூடாது.

எங்கள் வீட்டுப் பேச்சில் வந்த வெள்ளைக்காரன் வேறு. என் தாத்தா இதே விருத்தாசலம் ஜங்ஷனில் வெள்ளைக்கார அதிகாரிகளுக்குக் கீழே வேலை பார்த்தவர். கோட்டுப் போட்ட அவர் படம் இன்றும் எங்கள் வீட்டில், மாதா படத்துக்குப் பக்கத்தில் தொங்குகிறது. பஸ் தாமதமானாலும் சரி, குழாயில் தண்ணீர் வராவிட்டாலும் சரி, "வெள்ளைக்காரன் இருந்திருந்தா இப்படி நடக்குமா" என்று பெருமூச்சு விட்டு வளர்ந்த குடும்பம் நாங்கள். எங்களுக்குக் கோட்டுக் கொடுத்த அதே கை, நாலு தெரு தள்ளி இன்னொரு தாத்தாவின் விரலைப் பிடித்து மையில் அழுத்தியிருக்கிறது. இந்த வயது வரைக்கும் அது தெரியாமல் இருந்ததற்கு வெட்கப்பட்டேன்.

முதலாளிக்கு இந்தக் கதையெல்லாம் ஏறவில்லை. "ஒருத்தருக்கு விட்டா எல்லாரும் கேப்பாங்க மேடம். மாசக் கடைசிக்குள்ள விரல் வைக்கணும். இல்லன்னா வேற எடம் பாத்துக்கச் சொல்லுங்க" என்றார். மேஸ்திரிக்குக் கல்லூரியில் படிக்கும் மகள்கள் இரண்டு பேர். இந்தச் செய்தியை நானே போய்ச் சொன்னேன். அவர் "சரிங்க" என்றார். அன்று மாலையே சூளைக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கிய தன் மாற்றுச் சட்டையையும் டம்ளரையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போனார். அந்தக் காலி ஆணியைப் பார்த்துவிட்டு நேராக முதலாளியிடம் போய்ச் சண்டை போட்டேன். கடைசியில் மேஸ்திரிக்கு மட்டும் ஒரு நோட்டு, அவர் கையெழுத்துக்குப் பக்கத்தில் நேரம் போட்டு என் கையெழுத்து என்று முடிவாயிற்று. "ஏதாச்சும் ஆச்சுன்னா நீங்கதான் பதில் சொல்லணும்" என்றார் முதலாளி.

நாலைந்து மாதம் கழித்து அந்த 'ஏதாச்சும்' வந்தது. சூளை பற்றவைத்துவிட்டால் ஞாயிற்றுக்கிழமை என்று அணைக்க முடியாது, அந்த ஞாயிறும் மேஸ்திரி சூளையில் தனியாக இருந்தார். சர்ச்சில் பூசை முடிந்து வரும் வழியில், ஆபீஸில் விட்டுப்போன கண்ணாடியை எடுக்க உள்ளே போனேன். மழை பிடித்துக்கொண்டது. ஒரு மணி நேரம் சூளையோரம் உட்கார்ந்து அவரோடு பேசிக்கொண்டிருந்துவிட்டு, நோட்டில் கையெழுத்தும் போட்டுவிட்டுக் கிளம்பினேன். அந்த மழையில்தான், வாட்ச்மேன் ஒதுங்கிய நேரம் பார்த்து, பக்கத்துக் கம்பெனியில் யாரோ மோட்டாரின் செம்புக் கம்பியை உருவிக்கொண்டு போயிருக்கிறார்கள்.

திங்கள் காலையில் போலீஸ்காரர்கள் வந்து கேட்ட முதல் கேள்வியே, மேஸ்திரியின் தெருவைச் சொல்லி, அங்கிருந்து இங்கே யார் வேலைக்கு வருகிறார்கள் என்பதுதான். முதலாளி மேஸ்திரியைக் காட்டினார், ஞாயிற்றுக்கிழமைப் பட்டியலையும் மெஷினிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அதில் மேஸ்திரி இல்லை. நோட்டைக் காட்டினேன். "நோட்டுல யாரு வேணா எழுதலாம். நீ வந்து வண்டில ஏறுய்யா" என்றார் ஒரு போலீஸ்காரர். விரலை வைத்திருந்தால் தப்பித்திருப்பாரே என்று பெண்கள் கிசுகிசுத்தார்கள். எனக்கும் ஒரு நொடி அப்படித்தான் தோன்றியது. பிறகுதான் உறைத்தது: அங்கே இருந்த இருபது பேரில் வேறு ஒருவரைக்கூட, நேற்று எங்கே இருந்தாய் என்று யாரும் கேட்கவில்லை. இப்போது நான் அந்த வேலையில் இல்லை. வங்கியிலும் செல்போன் கடையிலும் கேட்ட இடத்தில் எல்லாம் யோசிக்காமல் விரலை நீட்டுகிறேன். என்னிடம் அந்தக் கேள்வியை இதுவரை யாரும் கேட்டதில்லை என்பதால்தான் அப்படி நீட்ட முடிகிறது.

"அந்த ரெண்டாவது கையெழுத்து என்னுது. மழை விடுற வரைக்கும் நான் இவரு பக்கத்துலதான் இருந்தேன்" என்றேன்.

"ஸ்டேஷனுக்கு வந்து சொல்லுவீங்களா மேடம்?"

எங்கள் குடும்பத்தில் யாரும் அந்தப் படி ஏறியதில்லை. வருகிறேன் என்று சொல்லிவிட்டு ஆட்டோ பிடித்தேன்.

நான் சொன்னதை எழுதிக்கொண்டார்கள். கையெழுத்துப் போட்டேன். மேஸ்திரிக்கும் ஒரு தாள் எழுதினார்கள், அவர் சூளையை விட்டு நகரவில்லை என்று. எழுதி முடித்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் மைப்பெட்டியைத் திறந்து அவர் பக்கம் தள்ளினார். "ரேகை வச்சிட்டுக் கிளம்பு."

வைத்துத் தொலையுங்கள் மேஸ்திரி, வீட்டுக்குப் போகலாம் என்று என் மனம் அடித்துக்கொண்டது. இங்கே முரண்டு பிடித்தால் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியும், அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அவர் மைப்பெட்டியைத் தொடவில்லை.

"எனக்கு எழுதத் தெரியுங்க சார். பேனா குடுங்க."

எழுதியவர் அவரை முதல்முறையாக முகத்துக்கு நேராகப் பார்த்தார். பார்த்துக்கொண்டே தன் பேனாவை நீட்டினார். மேஸ்திரி உட்காரவில்லை. குனிந்து, ஒவ்வொரு எழுத்தாக எழுதினார். தாத்தா பெயர், அப்பா பெயர், அதற்குப் பிறகு தன் பெயர். தாளின் கடைசி வரி முழுக்க ஓடியது.

"ஒரு கையெழுத்துக்கு இம்மாம் நீளமா?" என்றார் எழுதியவர்.

"மூணு பேரு இருக்கோங்க" என்றார் மேஸ்திரி.