குடியிருக்காத வாக்காளர்

அயர்லாந்தில் என்றோ ஒழிந்துபோன ஒரு தொகுதியை ஆராய்ந்துதான் நான் முனைவர் பட்டம் வாங்கினேன். அயர்லாந்துக்குப் போனதில்லை. மதுரை விமான நிலையத்துக்கே யாரையாவது வழியனுப்பத்தான் போயிருக்கிறேன். ஆறு வருடம் கம்ப்யூட்டர் திரையில் பழைய ஆவணங்களைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்ததில் மூக்குக் கண்ணாடியின் பவர்தான் கூடியது.

அந்தச் சிற்றூருக்கு டப்ளின் பாராளுமன்றத்தில் இரண்டு உறுப்பினர்கள். அவர்களைத் தேர்ந்தெடுக்க ஊர் மொத்தத்துக்கும் பதின்மூன்று பேருக்குத்தான் ஓட்டு. அந்தப் பதின்மூன்று பேரும் நம்மூர் ஜமீன்தார் போன்ற ஒரு பிரபுவின் ஆட்கள். பாதிப் பேர் அந்த ஊரில் குடியிருக்கவே இல்லை. தேர்தலன்று குதிரைவண்டியில் வந்து, பிரபு சொன்ன பெயரைச் சொல்லி, விருந்து சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். பிறகு டப்ளின் பாராளுமன்றத்தை லண்டனோடு சேர்த்தபோது தொகுதியே இல்லாமல் போனது. ஊரில் இல்லாதவனுக்கு ஊரில் என்ன ஓட்டு என்று ஆய்வேட்டில் ஒரு முழு அத்தியாயத்துக்கு அவர்களை வெளுத்து வாங்கியிருந்தேன்.

அதை எழுதிய நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் குடியேறிப் பதினோரு வருடமாகிறது. ஓட்டு மட்டும் ராஜபாளையத்தில், அண்ணன் இருக்கும் பூர்வீக வீட்டு முகவரியில். தேர்தலன்று பஸ் ஏறிப் போவேன், ஓட்டுப் போடுவேன், அண்ணன் வைத்த கோழிக்குழம்பை ஒரு கட்டு கட்டிவிட்டுத் திரும்புவேன். குதிரைவண்டி ஒன்றுதான் குறை. "செத்த தொகுதிக்கு டாக்டர் பட்டம், இருக்குற தொகுதியில ஓட்டு இல்ல" என்று என் மனைவி சொல்லாத தேர்தல் கிடையாது. அவள் வந்த வருடமே தன் ஓட்டை மாற்றிக்கொண்டவள்.

சோம்பல் என்று நான் சொல்லிவந்தேன். அது பொய். பூர்வீக வீட்டை அண்ணனுக்கே எழுதிக்கொடுத்த பிறகு, அந்தக் கதவு எண்ணில் என் பெயர் மிஞ்சியிருந்தது வாக்காளர் பட்டியலில் மட்டும்தான். அதையும் விட எனக்கு மனசு வரவில்லை.

போன மாதம் வீடு வீடாகப் பட்டியலைச் சரிபார்க்க வந்தார்கள். அண்ணன் போன் செய்தார்.

"ஏலே, ஓட்டு லிஸ்ட்டு எடுக்குற டீச்சர் ஞாயித்துக்கிழமை வாராக. வெள்ளனே வந்துரு. இங்கனதான் இருக்கேன்னு சொல்லிரு."

நான் பையில் ஒரு கைலியை மடித்து வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். அண்ணன் வீட்டில் அதைக் கட்டிக்கொண்டு, காலம் காலமாக அங்கேயே கிடப்பவன்போல் நாற்காலியில் காலை மடக்கிப் பேப்பர் படித்தேன். வரலாற்றுப் பேராசிரியரின் ஆதாரம் அந்தக் கைலி.

டீச்சர் வந்து உட்கார்ந்தார். அண்ணன் முந்திக்கொண்டார்.

"தம்பி இங்கனதாம்மா இருக்கான். காலேஜுக்குப் போக வர பஸ்ஸுல அலையுதான்."

டீச்சருக்கு வேர்த்திருந்தது. வீட்டுக்காரன் என்ற மிடுக்கோடு எழுந்துபோய் ஃபேனைப் போட்டேன். லைட் எரிந்தது. அடுத்ததை அமுக்கினேன், வாசல் லைட் எரிந்தது. மூன்றாவதில் ஒன்றுமே நடக்கவில்லை. புது ஸ்விட்ச் போர்டு எப்போது மாட்டினார்களோ, எனக்குத் தெரியாது.

"அண்ணாச்சி, நீங்க போட்டு விடுங்களேன்" என்று டீச்சர் அண்ணனிடம் சொன்னார். பிறகு என்னைப் பார்த்து, "சார், உள்ளபடி எங்க இருக்கீக?" என்றார்.

பொய் சொல்ல வாய் எழவில்லை. சொல்லிவிட்டேன். அவர் கோபப்படவே இல்லை. ஓட்டை ஸ்ரீவில்லிபுத்தூருக்கே மாற்றிக்கொள்ள வழி சொல்லி, ஃபாரமும் கொடுத்துவிட்டுப் போனார். நேர்மையாக நடந்துகொண்ட பெருமையில் எனக்கு நெஞ்சு சற்று நிமிர்ந்தது.

அண்ணன் மில்லில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மதினி போய் நாலு வருடமாகிறது. மகள் கோயம்புத்தூரில். அவர் ஃபேனுக்குக் கீழே நின்றபடி கேட்டார்.

"அப்ப, இனி எலெக்‌ஷனுக்கு நீ வரமாட்டேல்ல?"

வருவேன் என்று உடனே சொன்னேன். சொன்ன பிறகுதான் யோசித்தேன். அரைமணி நேரப் பஸ் பயணம். மதினி இறந்த அன்றைத் தவிர, இந்தப் பதினோரு வருடத்தில் ஓட்டு விஷயம் இல்லாத ஒரு நாளில் நான் அந்த வீட்டுக்கு வந்ததே இல்லை.