அடித்தளத்தில் கை வைத்தவன்

எங்கள் காசின் அடித்தளத்தையே மாற்ற வேண்டும் என்று அவன் சொன்னபோது நான் மலேசியாவில், புக்கிட் ரோத்தானில், என் வீட்டுச் சமையலறையில் நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தேன். கைபேசி ஸ்பீக்கரில் இருந்தது.

எங்கள் காசு என்றால் கையில் பிடிக்கிற காசு இல்லை. கிரிப்டோ நாணயம். உலகத்தில் அங்கங்கே இருந்த கொஞ்சம் பேர் வேலை நேரம் போக எழுதிப் பராமரித்த சின்ன நாணயம். பெயர் சொன்னாலும் யாருக்கும் தெரியாது. அதன் நிரலைப் படித்துப் பிழை பார்க்கிற வேலையை அவனும் நானும் ஆறு வருஷம் சம்பளமில்லாமல் செய்தோம். பள்ளிக்கூடத்தில் ஆறாம் பாரத்தில் ஒன்றாகப் படித்தவர்கள். அவனுடைய அத்தா கோலா சிலாங்கூர் டவுனில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறார். என் அப்பா தோட்டத்துக் கூலிகளின் வரிசை வீடுகளில், லயத்தில் பிறந்து, பிறகு லோரி ஓட்டியவர்.

அந்த நாணயத்துக்கு ஒரே ஒரு வேலைதான் தெரியும். ஒருவர் கையெழுத்திட்டு அனுப்பினால் இன்னொருவருக்குப் போய்ச் சேரும்; அதை நாணயத்தை ஓட்டுகிற எல்லார் மெஷினும் சரிபார்த்துப் பதியும். எனக்கு அது போதும். அவனுக்குப் போதவில்லை. ஸ்மார்ட் காண்ட்ராக்ட் வேண்டும் என்றான். இன்னது நடந்தால் இன்னாருக்குப் பணம் போகட்டும் என்று நிபந்தனையை நிரலாகவே எழுதி நாணயத்துக்குள் வைத்துவிட்டால், யாரும் தொடாமல் அது தானாக நடக்கும்.

"மேல தனி அடுக்கா கட்டு," என்றேன். "உடைஞ்சா அங்கயே போவும். அடியில வெச்சா, எவனோ எழுதுன குப்பைய எல்லார் மெஷினும் ஓட்டியாகணும்."

"மேல கட்டுனா நடுவுல ஒரு ஆள நம்பணும் லா. அப்புறம் இந்த நாணயமே எதுக்கு?"

இந்தச் சண்டை மாதக்கணக்கில் போனது. அவன் எழுதி அனுப்பியதையெல்லாம் நான் திருப்பி அனுப்பினேன். ஒருநாள் மலேசியாவிலிருந்த ஆறேழு பேர் சேர்ந்த வாட்ஸ்அப் குழுவில், எல்லாரும் பார்க்க, அவன் எழுதினான்: "ஒரே வரிசை, ஒரே கதவு, அதுக்கு மேல எதுவும் வேணாம்னு பயப்படுறது லயத்துப் புத்தி. அது மாறாது."

இரண்டு பேர் அதற்குச் சிரிப்புப் பொம்மை போட்டார்கள். அப்பா முன்னறையில் டிவி பார்த்துக்கொண்டிருந்தார். போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். என்ன ஓடியது என்று இன்றைக்கும் ஞாபகமில்லை.

அதற்குப் பிறகு அவன் நிரலை நான் படித்த விதமே வேறு. முன்பு உதவி செய்யப் படித்தேன். இப்போது கொல்லப் படித்தேன். மூன்று வாரத்தில் கிடைத்தது. காண்ட்ராக்ட்டில் ஒவ்வொரு கட்டளைக்கும் ஒரு கட்டணம் உண்டு; இல்லாவிட்டால் யார் வேண்டுமானாலும் மற்றவர் மெஷினை இலவசமாக உழைக்க வைக்கலாம். ஒரு கட்டளைக்கு அவன் கட்டணத்தை மிகக் குறைவாக வைத்துவிட்டான். ஐந்து வரி எழுதினால் போதும். செலவு சில்லறைதான், ஆனால் எல்லார் மெஷினும் நிமிஷக்கணக்கில் திணறி நிற்கும்.

கண்டவுடன் அவனிடம் சொல்லியிருக்க வேண்டும். அதுதான் எங்கள் வேலை. நான் சொல்லவில்லை.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் அவன் அத்தா கடையின் மாடியில் கூட்டம் போட்டான். கோலாலம்பூரிலிருந்தும் கிள்ளானிலிருந்தும் ஆட்கள் வந்திருந்தார்கள். பக்கத்து மீன்பிடிக் கிராமமான பாசிர் பெனம்பாங்கிலிருந்து இரண்டு மீன் மொத்த வியாபாரிகளையும் கூட்டி வந்திருந்தான். படகுத்துறையில் மீன் எடை பதிவானதும் படகுக்காரருக்குப் பணம் தானாகப் போவதைக் காட்டப் போகிறானாம். உண்மைப் பணம் இல்லாத ஒத்திகை வலையில்தான் காட்டினான். திரையில் ஒவ்வொரு பதிவாக விழுந்துகொண்டிருந்தது. நான் கடைசி நாற்காலியில் மடிக்கணினியோடு உட்கார்ந்து அந்த ஐந்து வரியை அனுப்பினேன்.

திரை நின்றது.

அவன் விசையைத் தட்டினான். வயரைப் பிடுங்கிச் செருகினான். சட்டை முதுகு நனைந்துவிட்டது. மீன் வியாபாரிகளில் பெரியவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பின்னால் யாரோ சிரித்தார்கள். நான் எழுந்து சொன்னேன்: "லைன் பிரச்சினை இல்ல. இவர் கட்டுன அடித்தளந்தான் பிரச்சினை. நான் அனுப்புனேன். யாரு வேணும்னாலும் அனுப்பலாம்."

தே தாரிக் டீ கிளாஸ் அடுக்கிய தட்டோடு மேலே வந்த அவன் அத்தா வாசலிலேயே நின்றுவிட்டார். மகன் முகத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "என்னம்மா ஆச்சு?" என்றார். பள்ளிக்கூட நாளில் எனக்கு எத்தனையோ தடவை சோறு போட்டவர். நான் மடிக்கணினியை மூடிக்கொண்டு கீழே இறங்கினேன்.

கார் நிறுத்துமிடத்துக்கு அவன் என் பின்னாலேயே வந்தான்.

"எப்பக் கண்டுபுடிச்ச?"

"பதினோரு நாளாச்சு."

"பதினோரு நாளா வெச்சுக்கிட்டு இருந்தியா?"

"லயத்துப் புத்தி. மெதுவாத்தான் வேல செய்யும்."

அந்த வார்த்தையை எழுதியதே அவனுக்கு மறந்துபோயிருந்தது என்று முகத்தில் தெரிந்தது. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். "என்னை அடிக்கணும்னா தனியா அடிச்சிருக்கலாம். எங்க அத்தா முன்னாலயா?" என்றான்.

"நீ எங்க அப்பாவ ஏழு பேர் முன்னால இழுத்த."

அவன் திரும்பி மாடிக்குப் போய்விட்டான். மன்னிப்பு அவனும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

அதோடு அவன் திட்டம் செத்தது என்று நினைத்தேன். சாகவில்லை. மூன்று மாதம் உட்கார்ந்து கட்டணப் பட்டியல் முழுவதையும் திருத்தி எழுதினான். வெளிநாட்டில் இரண்டு பேர் சரிபார்த்தார்கள். வாக்கெடுப்பில் ஜெயித்தது. புதிய விதி அமலுக்கு வந்த காலையில் நானும் சிலரும் பழைய நிரலையே ஓட்டினோம். நாணயம் இரண்டாகப் பிரிந்தது. எங்கள் பாதியில் ஆள் குறைந்துகொண்டே வந்து, சில வாரத்தில் புதுப் பதிவே விழாமல் நின்றுபோனது. அவன் பாதி ஓடியது. இன்றுவரை ஒரு கோளாறும் இல்லாமல் ஓடுகிறது. உடையும் என்று நான் தினமும் பார்த்தேன்.

இப்போது கெர்லிங் பக்கம் ஒரு செம்பனை எண்ணெய் ஆலையில் எடைமேடைக் கணினிகளைப் பார்த்துக்கொள்கிறேன். அந்த நிரலைத் திறப்பதே இல்லை என்று சொல்ல ஆசைதான். போன வருஷம் திறந்தேன். புதுப் பதிப்பின் வெளியீட்டுக் குறிப்பின் அடியில், பெரிய பிழையைக் கண்டுபிடித்துத் தந்ததற்காக என்று என் பெயரைப் போட்டு நன்றி சொல்லியிருந்தான்.

எடுத்துவிடச் சொல்லி எழுதினேன். பதில் இல்லை. மறுபடி எழுதினேன், கொஞ்சம் கெட்ட வார்த்தையோடு. ஒரு வரி வந்தது: "கண்டுபுடிச்சது நீதான். பொய் எழுத முடியாது."

திட்டியிருந்தால் தேவலை. பெருந்தன்மை காட்டுகிறானாம். அன்று ஆலையில் மதியச் சாப்பாட்டைத் தொடாமல் மூடி வைத்தேன்.