பல் பட்டறையில் ஃபோல்டர் பார்த்தவள்

பல் பட்டறையில் அவளை எல்லோரும் 'கண்கொத்தி' என்றுதான் கூப்பிட்டார்கள். பாம்பு என்பதை ஏதோ மரியாதைக்காக விட்டுவிட்டார்கள்.

பட்டறை என்றால் பல் பிடுங்குகிற இடமில்லை, பல் செய்கிற இடம். ஊரிலுள்ள ஆறு பல் டாக்டர்கள் வாயை ஸ்கேன் எடுத்து அனுப்புவார்கள். அந்த ஃபைல் இங்கே கம்ப்யூட்டரில் ஒரு ஃபோல்டரில் வந்து விழும். அதை எடுத்து வரைகிற ப்ரோகிராமிடம் கொடுத்தால் அது பல்லை வரையும், மெஷின் வெள்ளைக் கட்டியில் அதைச் செதுக்கும், சாயக்கார அண்ணன் நிறம் பூசி அடுப்பில் வைப்பார். ஆனால் ஃபைல் எப்போது வரும்? அது யாருக்குத் தெரியும்! ஆகவே காலை எட்டரையிலிருந்து சாயங்காலம் ஐந்தரை வரை அந்த ஃபோல்டரையே அவள் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பதினோரு வருஷமாக இதுதான் பிழைப்பு. சாப்பாடும் அந்த நாற்காலியில்தான்.

போன மாதம் ஒருநாள் தலைவலி என்று ஐந்து நிமிஷம் கண்ணை மூடினாள். அதற்குள் ஒரு ஃபைல் வந்து, மற்றவற்றுக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டு, மறுநாள்தான் கண்ணில் பட்டது. முதலாளியம்மா காச்சு காச்சென்று காச்சிவிட்டாள். அன்றைக்குத்தான் கண்கொத்திக்கு ரோஷம் வந்தது. பஸ்ஸில் போகவர வீடியோ பார்த்து, ஃபோல்டரில் புது ஃபைல் தலைகாட்டியதும் தானே எடுத்து அனுப்புகிற ப்ரோகிராம் ஒன்றை எழுதினாள். மொத்தமே நாற்பது வரி. வீட்டில் குட்டிக் குட்டி ஃபைல்களை வைத்து ஒரு வாரம் ஓட்டிப் பார்த்தாள். ஒன்றுகூடத் தப்பவில்லை.

"ஒரே ஒரு நாள் ஓட்டிப் பாரு. சொதப்புச்சுன்னா அன்னிக்கே தூக்கிடணும்" என்றாள் முதலாளியம்மா.

அந்த ஒரு நாள் வந்த நேரம் பாருங்கள்! முந்தின நாள் சாயங்காலம்தான் அவளுடைய தம்பி ட்ரம்பெட்டை ஊதிக்கொண்டே மாடிப்படி ஏறி, தடுக்கி விழுந்து, முன்பல்லைப் பாதியாக உடைத்துக்கொண்டு நின்றான். மறுநாள் நாலு மணிக்கு நகர இசைக்குழுவில் ஆள் எடுக்கிறார்கள். இருப்பது ஒரே இடம். மூன்று வருஷமாக அவன் காத்திருந்த இடம்.

"அக்கா, ஊதினா வெறும் காத்துதான் வருது, சத்தமே வரல" என்று காலையில் போனில் அழாத குறை. "ஸ்கேன் அனுப்பிட்டாங்க. உடைஞ்ச பல்லு மேல போடற கேப் ரெண்டரைக்குள்ள வந்தாதான் மாட்ட முடியும்னு டாக்டர் சொல்றாரு."

"இப்பவே வந்துடும்டா, பயப்படாதே" என்றாள். சொல்லி வாய் மூடவில்லை, ஃபைல் பெயர் ஃபோல்டரில் வந்தது. ப்ரோகிராம் லபக்கென்று பிடித்து அனுப்பியது. மெஷின் ஓடத் தொடங்கியது. அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

அரை மணி கழித்துச் சாயக்கார அண்ணன் உள்ளங்கையில் எதையோ ஏந்திக்கொண்டு வந்தார்.

"ஏம்மா, இது பல்லா, பல்லோட தம்பியா?"

பாதிப் பல். மேல்பாதி இருந்தது, கீழே ஒன்றுமே இல்லை. கண்கொத்திக்கு வயிற்றைக் கலக்கியது. எங்கே தப்பு? நாற்பது வரியையும் படித்தாள், ஒன்றும் தெரியவில்லை. பிறகு தான் கையால் எப்படிச் செய்வோம் என்று யோசித்தாள். பெயர் வரும். உடனே பாட்டிலைத் திறந்து ஒரு மடக்குத் தண்ணீர் குடிப்பாள், கண்ணாடியைத் துடைப்பாள், அதற்குப் பிறகுதான் ஃபைலைத் தொடுவாள். அந்தச் சாவகாசத்தில் ஃபைல் முழுசாக இறங்கிவிடும். பெயர் முதலில் வருகிறது, உடம்பு பின்னால் வருகிறது! அவள் கைக்குத் தெரிந்திருந்த இந்தப் பொறுமையை ப்ரோகிராமுக்கு எழுத மறந்துவிட்டாள். அது அவசரக்குடுக்கை மாதிரி பாதியிலேயே பிடுங்கிக்கொண்டு ஓடியிருக்கிறது.

இன்னும் நாலு வரி சேர்த்தாள். ஃபைலின் அளவைப் பார், பத்து விநாடி பொறு, மறுபடி பார், வளராமல் நின்றுவிட்டால் மட்டும் எடு. இப்போது முழுசாக வந்து கிடந்த தம்பியின் ஃபைலை மறுபடி அனுப்பினாள். ஒன்றரை மணிக்கு அடுப்பிலிருந்து முழுப்பல் வெளியே வந்தது, பளபளவென்று.

கொண்டுபோய்க் கொடுக்கத்தான் ஆளில்லை. டெலிவரிக்காரர் ஊரின் அந்தக் கோடிக்குப் போயிருந்தார், நாலு மணிக்குத்தான் வருவார்.

"நான் போறேம்மா" என்றாள்.

"நீ போனா ஃபோல்டரை யாரு பாக்கறது?"

"ப்ரோகிராம் பாக்கும்."

"காலைல அது பாத்த லட்சணம்தான் தெரிஞ்சுதே!"

வாக்குவாதம் முற்றும் நேரத்தில் ஒரு ஃபைல் வந்தது, இருப்பதிலேயே மெதுவான நெட் லைன் வைத்திருக்கும் டாக்டரிடமிருந்து. மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். அளவு ஏறியது, ஏறியது, ஏறிக்கொண்டே இருந்தது. ப்ரோகிராம் அசையவில்லை. ஏறுவது நின்றது. பத்து விநாடி. அப்புறம்தான் மெல்ல எடுத்து அனுப்பியது.

முதலாளியம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினாள். "போய்ட்டு வா. ஏதாவது ஏடாகூடம் ஆச்சுன்னா நாளைக்கு உன் பல்லுக்குத்தான் கேப் செய்யணும், சொல்லிட்டேன்."

கண்கொத்தி ஓடினாள். பஸ்ஸை நம்பாமல் ஆட்டோ பிடித்தாள். இரண்டு இருபதுக்கு டாக்டர் கையில் டப்பாவைக் கொடுத்தாள். வந்த வழியே திரும்பியிருக்கலாம். கால் திரும்பவில்லை. தம்பியோடு போய், அரங்கத்துக்கு வெளியே மரப்பெஞ்சில் உட்கார்ந்தாள். போனை மடியில் வைத்துக்கொண்டாள். அது கப்சிப்பென்று கிடந்தது.

உள்ளே தம்பி ஊத ஆரம்பித்தான். வீட்டில் அவன் ஸ்வரம் ஸ்வரமாகப் பிய்த்துப் பழகுவதைக் கேட்டுக் காது புளித்தவள் அவள். முழுப்பாட்டாக நாலு பேர் முன்னால் அவன் வாசிப்பதை ஒருநாளும் கேட்டதில்லை. எல்லாக் கச்சேரியும் பகலில்தானே! கடங்காரப் பயல் இவ்வளவு நன்றாக ஊதுவானா என்று அவள் பெஞ்சின் நுனிக்கு நகர்ந்து காதைக் கொடுத்தாள்.

கதவு திறந்தது. "எடுத்துக்கிட்டாங்கக்கா!" என்று அவளைத் தூக்காத குறையாகக் கட்டிக்கொண்டான். பிறகுதான் அவனுக்கு உறைத்தது. "ஆமா, நீ எப்படி இன்னும் இங்க இருக்கே? அங்க யாரு?"

"யாரும் இல்லடா. நான் எழுதின ப்ரோகிராம்தான் பாக்குது. காலைல உன் பல்லைப் பாதியா செதுக்க வெச்சு என் வயித்தைக் கலக்கிச்சே, அதேதான்."

"நாற்பது வரின்னு சொன்னியே, அதுவா? இதை ஏன்க்கா பதினோரு வருஷமா எழுதல?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "அதுவே பாத்துக்கிட்டா அப்புறம் நீ எதுக்குன்னு கேட்டுடுவாங்களோன்னு பயம்டா."

தம்பி புதுப்பல் தெரியச் சிரித்தான்.

"போக்கா நீ! பாதிப் பல்லைப் பாத்துட்டு வயித்தைக் கலக்க, அந்த ப்ரோகிராமுக்கு நான் என்ன தம்பியா?"