அம்மாவின் அளவுக்கு வெட்டிய துவக்கு

வால்நட் மரத்தை வாளால் அறுக்கும்போது எழும் கசப்பு மணம் எங்கள் ஒஸ்லோ வீட்டுச் சமையலறையில் இரண்டு நாள் நின்றது; சோற்றுக்குள்ளும் அந்தத் தூள் கடிபட்டது. எனக்கு அப்போது பத்து வயது. வேலைத்தோழி பெரித்தின் வேட்டைக்குழுவில் சேர்ந்து எல்க் மான் சுடப் போவதென்று அம்மா தீர்மானித்திருந்த இலையுதிர்காலம் அது.

பிள்ளைகளே, இங்கே பெரிய மிருகம் சுடுவதென்றால் வருடாவருடம் முதலில் சுடும் சோதனை ஒன்றில் சித்தியடைய வேண்டும். நூறு மீட்டர் தள்ளி நிற்கும் மான் படத்தின் நெஞ்சு வட்டத்துக்குள் ஐந்து குண்டும் விழ வேண்டும்; ஒன்று தப்பினாலும் சரிவராது; ஆனால் அந்தப் பருவத்துக்குள் திரும்பவும் முயலலாம். அம்மாவுக்கு இரண்டு தப்பின. அம்மா பழையதாக வாங்கிய துப்பாக்கி, எங்கள் பேச்சில் "துவக்கு", யாரோ நெடிய நோர்வேக்காரருக்காகச் செய்தது. தோளில் முட்டும் அதன் வால்நட் மரக்கட்டை, ஐந்தடி கூட இல்லாத அம்மாவுக்கு நீளமாக இருந்ததால், கழுத்தை நீட்டி நீட்டி, கன்னத்தை ஒவ்வொரு முறையும் வெவ்வேறு இடத்தில் வைத்தார். குறிபார்க்கும் கண்ணாடிக்குள் பாதி கறுப்பாகத்தான் தெரிந்ததாம்.

"பரவாயில்லை, இந்த முறை எங்களுக்குச் சமைக்க வா," என்றாள் பெரித், நல்ல மனதோடுதான்.

அம்மா வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுமுன்னரே சொன்னார்: "நான் காட்டுக்குச் சோறு காய்ச்சப் போறேல்லை."

அப்பா, குண்டில்லாத துவக்கை அம்மாவின் தோளில் வைத்து, கண்ணுக்கும் கண்ணாடிக்கும் நடுவே என் பள்ளிக்கூட அடிமட்டத்தைப் பிடித்து அளந்தார். பின்பு கட்டையைத் தனியே கழற்றி, மேசையில் இறுக்கி, மூன்று சென்டிமீட்டர் வெட்டினார். வீட்டில் கச்சிதமாக இருந்தது. ஆனால் அடுத்த சோதனையிலும் ஒன்று வெளியே போனது.

பிழை எங்களுடையது. வெளியே உறைந்தாலும் வீட்டுக்குள் எங்கள் ஊர் மன்னார் வெயில் அடிக்க வேண்டுமென்று "ஹீற்றரை" முழுதாகத் திருகிவிட்டு, அம்மா மெல்லிய சட்டையோடு நின்று அளவு கொடுத்திருந்தார். சுடுகளத்திலோ கம்பளிச் சட்டைக்கு மேல் தடித்த "ஜக்கெற்". அந்தத் துணியின் தடிப்பே கட்டையைத் திரும்ப நீளமாக்கிவிட்டது.

கடைசிச் சோதனைக்கு மூன்று நாள் இருக்க, அம்மா அந்த ஜக்கெற்றைப் போட்டுக்கொண்டு சமையலறையில் வேர்க்க விறுவிறுக்க நின்றார்.

"இஞ்சாருங்கோ, இன்னும் வெட்டுங்கோ."

"வெட்டினாப் பிறகு ஒட்டேலாது, தெரியுமோ? இப்பிடியே போனா உம்மடை துவக்கு கைத்துவக்காப் போயிடும்."

"போகட்டும். வெட்டுங்கோ."

அப்பா இன்னும் ஒன்றரை சென்டிமீட்டர் வெட்டினார். கன்னம் பதியும் இடத்தில் மெல்லிய பலகை ஒன்றை ஒட்டித் தந்தார். அதை வழுவழுப்பாகும்வரை அரத்தாளால் தேய்த்தது நான்.

சோதனையன்று அம்மா கழுத்தை நீட்டவில்லை. ஐந்தாவது குண்டுக்கு முன் மட்டும் மெல்ல மூச்சை விட்டார். ஐந்தும் வட்டத்துக்குள். படத்தைப் பார்த்த பெரித், "அப்போ யார் சமைப்பது?" என்றாள்.

"நீதான்," என்றார் அம்மா.

இப்போது வரும் கட்டைகள் திருகாணியைத் திருப்பினால் நீளும், குறுகும். யாரும் சமையலறை மேசையில் வாள் பிடிப்பதில்லை. அம்மாவுக்கும் கண் மங்கிவிட்டது. சென்ற மாதம் துவக்கை விற்கக் கடைக்குப் போனோம். கடையில் நின்ற இளைஞன் கட்டையைத் தடவிப் பார்த்துவிட்டு, "சின்னப் பிள்ளைக்காக வெட்டியதா?" என்று கேட்டான்.

அம்மா நிமிர்ந்து, அவனுடைய மொழியிலேயே சொன்னார்: "இல்லை. வேட்டைக்காரிக்கு."