பூட்டிய வீட்டிலிருந்து பேசியவள்

பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். புதுச்சேரியில் போலீஸ் வேலை பார்த்தவனுக்கு அதற்கெல்லாம் நேரம் ஏது? எல்லை தாண்டிப் போகும் சாராயம், சந்தையில் பிக்பாக்கெட், வைத்திக்குப்பத்தில் வலைக்காக மண்டை உடைப்பு, மனிதர்கள் செய்கிறதே தலைக்கு மேல் இருக்கும். நீங்களும் நம்பமாட்டீர்கள். பரவாயில்லை, கேளுங்கள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகள், பிரெஞ்சுக்காரன் ஆட்சி. காரைக்காலிலிருந்து மாற்றலாகி நான் வந்த புதிது. ஒரு மத்தியானம் லூர்தம்மா என்று ஒருத்தி புகார் சொல்ல வந்தாள்.

"பக்கத்து வூட்ல அடி ஒதை சத்தம் தாங்கலைங்க ஐயா. பொம்பள அழுவுறா. கண்ணு மூட முடியல."

"யார் வீடு?"

"ஜவுளிக்கடை தைரியநாதன் வூடு. அவரு கடைக்கு மேலயே குடி போய்ட்டாரு. வூடு பூட்டிக் கெடக்கு."

"அப்ப அழறது யாரு?"

"அவரு பொண்டாட்டி அன்னம்மாதான்."

அன்னம்மா கிணற்றடியில் வழுக்கி விழுந்து செத்தாள் என்று நான் வருவதற்கு முன்பே எங்கள் ஆட்கள் எழுதி முடித்திருந்தார்கள். எனக்குச் சுள்ளென்று ஏறியது.

"உசுரோட இருந்தப்ப இந்தச் சத்தம் கேக்கலையா உனக்கு?"

"கேட்டுது. புருசன் பொண்டாட்டி வெவகாரம், நாம எப்படிங்க..."

செத்தவள் அழுதால் இவளுக்குத் தூக்கம் கெடுகிறதாம்! அந்த ஆத்திரத்திலேயே கிளம்பினேன். கால்வாய்க்கு மேற்கே, தமிழர் தெருக்களில் இருந்தது அந்த வீடு. பட்டப்பகல், தெருவில் ஜட்கா வண்டிகள் போய்க்கொண்டிருக்கின்றன. கதவில் பெரிய பூட்டு. உள்ளே தொம் தொம் என்று அடி விழுகிறது. சத்தியமாகக் கேட்டேன். லத்தியால் கதவைத் தட்டி, "போலீஸ்! யார் உள்ள?" என்றேன்.

சத்தம் நின்றது. கதவுக்கு அந்தப் பக்கம், வெகு கிட்டத்தில், ஒரு பெண் குரல்:

"ஒண்ணும் இல்லீங்க ஐயா. வழுக்கி வுழுந்துட்டேன்."

ஓடிவிடலாம் என்றுதான் தோன்றியது. ஆனால் ஓடவில்லை. நேராகக் கடைக்குப் போய்த் தைரியநாதனைச் சாவியோடு கூட்டிவந்தேன். வழியெல்லாம், "கொமிசேர் துரை எனக்கு வேண்டியவரு, தெரியுமில்ல?" என்று எங்கள் மேலதிகாரியின் பேரைச் சொல்லி மிரட்டிக்கொண்டே வந்தான். திறந்தோம். கூடம், அறை, கொல்லை எங்கும் ஆள் இல்லை. தரைத் தூசியில் எங்கள் காலடிகள் மட்டும்தான்.

"பாத்தாச்சா?" என்று எகத்தாளமாகக் கேட்டுவிட்டு வெளியே வந்து பூட்டினான். சாவியைத் திருப்பும்போது உள்ளேயிருந்து அதே குரல்.

"சாப்ட்டீங்களா?"

பழக்கதோஷத்தில் அவன், "ம்" என்றான்.

சொன்ன பிறகுதான் அவனுக்கு உறைத்தது. முகம் சுண்ணாம்பாய் வெளுத்தது. சாவியைப் பூட்டிலேயே விட்டுவிட்டு, நடுத்தெருவில் செருப்பு கழல ஓடினான்.

வழக்கைத் திரும்ப எடுங்கள் என்று கொமிசேர் துரையிடம் கெஞ்சினேன். பகலிலேயே குடித்துவிட்டாயா என்று சிரித்தார். லூர்தம்மாவோ எதுவுமே கேட்கவில்லை என்று மாற்றிச் சொல்லிவிட்டாள். ஈஸ்டர் முடிந்ததும் தைரியநாதனுக்கு மறுகல்யாணம், துரை விருந்துக்கும் போனார். எனக்குக் கிடைத்தது கனகசெட்டிக்குளம் எல்லையில் வெயில் காயும் வேலை.

அது என்ன, எப்படி என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அந்தக் குரலில் கோபம் இருந்திருந்தால்கூட மறந்திருப்பேன். இல்லையே. பதில் வருவதற்குள் எங்கே கை ஓங்கிவிடுவானோ என்று நடுங்கிக்கொண்டு, 'சாப்ட்டீங்களா' என்று அவ்வளவு மெதுவாக அல்லவா கேட்டாள்.