திருகில் விழுந்த பூட்டு

சிட்டின் கைகள் சோப்புக் கட்டிகளை அட்டைப் பெட்டிக்குள் அடுக்கிக்கொண்டிருந்தன. கல்யாணத்துக்கு முன்பே ஆலைக்கு வந்தவள். கை வேகத்தால் சிட்டு என்ற பெயர் வந்தது. இப்போது விரல் மூட்டுகள் வீங்கிவிட்டன. முதலுதவி அறையில் நான்தான் அவற்றுக்குத் தினமும் கட்டுப்போடுவேன்.

கட்டிகளைச் சுமந்துவரும் பெல்ட்டை இழுக்கும் மோட்டாரின் வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு டிரைவ் இருந்தது. அதன் திருகு அவளுடைய நாத்தனாரின் பொறுப்பு. நாத்தனாருக்கோ சிட்டின் இடத்தில் தன் மகளை உட்காரவைக்க ஆசை. ஒரு கட்டி கீழே விழுந்தாலும் சூப்பர்வைசர் சிட்டை வீட்டுக்கு அனுப்பிவிடுவார். அன்று அவர் பக்கத்தில் நிற்கும்போதே நாத்தனார் வேகத்தைக் கூட்டினாள்.

“என்ன அண்ணி, பேருதான் சிட்டா? கை ஆமையால்ல இருக்கு!”

“கூட்டுடி, இன்னும் கூட்டு. உங்கண்ணனையே சமாளிக்கிறேன், இந்த பெல்ட் எம்மாத்திரம்?”

வரிசையே சிரித்தது. நாத்தனார் திருகைக் கடைசிவரை திருப்பினாள். அட்டை விளிம்பு கிழித்துக் கட்டுத்துணி சிவந்தது. ஆனாலும் சங்கு ஊதும்வரை ஒரு கட்டிகூட விழவில்லை.

“இவ்வளவு வேகம் முடியும்னு இத்தனை நாளா யாரும் சொல்லலியே!” என்றார் சூப்பர்வைசர்.

மறுநாள் காலை அவர் திருகை அதே வேகத்தில் நிறுத்திப் பூட்டுப் போட்டார். திருக ஆள் வேண்டாமென்று நாத்தனாரையும் சிட்டுக்கு எதிரே அடுக்க உட்காரவைத்தார். நான் கட்டுத்துணியை இரண்டு பேருக்குக் கிழித்துவைத்தேன்.